சுருங்குவதும் குன்றுவதும்

கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதியதை என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

'நிறையப் படியுங்கள், தினம் எழுதுங்கள், மனிதர்களைக் கவனியுங்கள்.' இந்த மூன்றும் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். தப்பான அறிவுரை இல்லை. ஆனால், கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்து, கீழே பெயரும் செல்போன் நம்பரும் போட்டு, அன்றைக்கு ராத்திரியே பத்திரிகைக்கு மின்னஞ்சலில் தட்டிவிடுகிறீர்களே, அந்த இடத்தில்தான் பாதிக் கதைகள் கெட்டுப் போகின்றன. கரு நன்றாக இருக்கும். பாத்திரம் நன்றாக இருக்கும். எழுதியவருக்குக் கண்ணும் காதும் உண்டு என்பதும் தெரியும். இருந்தும் வெந்த சோற்றை வடிக்காமல் பந்திக்குக் கொண்டுவந்த மாதிரி கஞ்சியோடு நிற்கும். கதையில் அந்தக் கஞ்சியை வடிக்கிற வேலைக்குத்தான் எடிட்டிங் என்று பெயர். இந்த வாரம் அதைப் பற்றி மட்டும்.

'அதான் தெரியுமே சார், வெட்டணும், சுருக்கணும்' என்பீர்கள். சரி, எதை வெட்டக் கூடாது என்று தெரியுமா? அதுதான் கஷ்டமான கேள்வி.

இந்த விஷயத்தில் நம் ஊர் ஆள் ஒருவர் முந்திக்கொண்டுவிட்டார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். 13-ம் நூற்றாண்டு. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோன புத்தகம். அதன் பாயிரத்தில், ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் 10, இருக்க வேண்டிய அழகுகள் 10 என்று பட்டியல் போட்டிருக்கிறார். அவர் மனதில் இருந்தது சிறுகதை அல்ல, நாவல் அல்ல. சாஸ்திர நூல்கள். ஆனாலும் எழுத்தைப் பற்றி யோசிக்கிற யாருக்கும் உதவுகிற பட்டியல்.

அதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அழகுகளில் முதலில் வருவது, சுருங்கச் சொல்லல். குற்றங்களில் முதலில் வருவது, குன்றக் கூறல். மிகைபடக் கூறல் அதற்கு அடுத்ததுதான். சுருக்கமாகச் சொல், ஆனால் குறைவாகச் சொல்லிவிடாதே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது. எடிட்டிங் என்ற வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இது எவ்வளவு மெல்லிய இழை, அதில் சறுக்கினால் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு உலக இலக்கியத்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. ரேமண்ட் கார்வரும் அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ்ஷும்.

கார்வர் 1938-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், குழந்தைகள், கடன், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, அப்புறம் குடி. சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி 1977 ஜூனில் குடியை நிறுத்தினார். லிஷ், எஸ்க்வயர் பத்திரிகையில் கதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கார்வரைத் தூக்கிவிட்டவர்களில் முக்கியமானவர். பிறகு நாஃப் பதிப்பகத்துக்குப் போனார். கார்வர் தன் புதிய தொகுதியை 1980-ல் அவரிடம் கொடுத்தார். 17 கதைகள்.

லிஷ் பேனாவை எடுத்தார். தொகுதியில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. தலைப்புகள் மாறின, பாத்திரங்களின் பெயர் மாறின, முடிவுகள் மாறின. சில கதைகளில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

திருத்தப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு கார்வர் 1980 ஜூலை 8-ம் தேதி காலையில் லிஷ்ஷுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பின்னாளில் அச்சில் வந்துவிட்ட கடிதம். எழுத்தாளராக விரும்புகிற எவரும் தேடிப் படிக்க வேண்டும். நன்றி, கெஞ்சல், பயம், மன்னிப்பு எல்லாம் கலந்து கிடக்கிறது. புத்தகத்தை நிறுத்துங்கள் என்கிறார். இந்தக் கதைகளின் பழைய வடிவத்தை நண்பர்கள் படித்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறார். இது இப்படியே வந்தால் இனி என்னால் எழுதவே முடியாமல் போய்விடும் என்று பயப்படுகிறார். குடியை விட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மனுஷருக்கு எழுத்துதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கயிறு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படித்தால் கடிதம் வேறு மாதிரி கேட்கும்.

புத்தகம் நிற்கவில்லை. கார்வர் இறங்கி வந்தார். 1981-ல், 'காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்' என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. தலைப்பும் லிஷ் தேர்ந்தெடுத்ததுதான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வார்த்தைகளை எண்ணி எண்ணிப் போடுகிறார், மினிமலிஸ்ட் என்றார்கள். கார்வருக்கு அந்தப் பட்டம் கடைசிவரை பிடிக்கவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

லிஷ் தன் காகிதங்களை எல்லாம் இண்டியானா பல்கலைக்கழக நூலகத்துக்கு விற்றார். 1998-ல் டி.டி. மேக்ஸ் என்ற பத்திரிகையாளர் அவற்றைப் பார்த்து எழுதினார். வெளியுலகுக்கு விஷயம் பெரிதாகத் தெரிந்தது அப்போதுதான். கார்வர் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1988-ல், 50 வயதில் இறந்துவிட்டார். அவர் மனைவி டெஸ் கேலகர் விடாமல் முயன்றதில், வெட்டப்படாத மூலக் கதைகள் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் 2009-ல் புத்தகமாயின. ஆக, ஒரே கதையின் இரண்டு வடிவமும் இப்போது கடையில் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஒரு உதாரணம். ஒரு அம்மா தன் பையனின் பிறந்தநாளுக்கு கேக் ஆர்டர் கொடுக்கிறாள். பிறந்தநாளன்று பையன் மேல் கார் மோதி, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராத கோபத்தில் பேக்கரிக்காரர் ராத்திரியில் வீட்டுக்கு போன் செய்துகொண்டே இருக்கிறார். பெற்றோருக்கு அது யார் என்று புரியவில்லை.

லிஷ் கைபட்ட வடிவத்துக்கு 'குளியல்' என்று தலைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டு வரலாம் என்று அம்மா வீட்டுக்கு வருகிறாள். போன் அடிக்கிறது. உங்கள் பையனைப் பற்றித்தான் என்கிறது ஒரு குரல். அவ்வளவுதான், கதை முடிந்தது. பேசியது பேக்கரியா, ஆஸ்பத்திரியா? பையன் இருக்கிறானா, போய்விட்டானா? தெரியாது. முதுகில் சில்லென்று ஏதோ ஊர்கிறது. திறமையான முடிவுதான்.

கார்வர் எழுதிய வடிவத்தில் கதை அங்கே நிற்பதில்லை. பையன் இறந்துவிடுகிறான். போன் செய்தது யார் என்று அம்மாவுக்குப் பொறி தட்டுகிறது. நடு ராத்திரி இருவரும் பேக்கரிக்குப் போகிறார்கள். அடிக்கத்தான் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் பேக்கரிக்காரர் உடைந்துபோய் அவர்களை உட்காரவைத்து, அடுப்பிலிருந்து வந்த சூடான ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிடுகிறார்கள். பிள்ளை இல்லாத தன் வாழ்க்கையைப் பற்றி அவர் பேசுகிறார். விடிகிற வரைக்கும் அவர்கள் எழுந்து போகவில்லை.

கார்வர் பிடிவாதமாக இந்த வடிவத்தை 'ஒரு சிறிய, நல்ல விஷயம்' என்ற தலைப்பில் 1983-ல் வந்த 'கதீட்ரல்' தொகுதியில் சேர்த்தார். அந்த வருஷத்து ஓ. ஹென்றி விருதில் முதல் பரிசு அதற்குத்தான். 'கதீட்ரல்' தொகுதியில் கண்டபடி கை வைக்கக் கூடாது என்று லிஷ்ஷிடம் முன்கூட்டியே சொல்லியும்விட்டார்.

என் தீர்ப்பு கேட்டால், இந்தக் கதையில் கார்வர் பக்கம்தான். 'குளியல்' நம்மைப் பயமுறுத்துகிறது. இன்னொன்று நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. லிஷ் வெட்டியது கொழுப்பை அல்ல, அந்த ரொட்டியை. அந்த ரொட்டிக்காகத்தான் கார்வர் கதையே எழுதினார். பவணந்தியார் பார்த்திருந்தால் 'குன்றக் கூறல்' என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ஆனால், லிஷ்ஷை வில்லனாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடியாது. தொகுதிக்குத் தலைப்பைக் கொடுத்த கதையைப் பாருங்கள். சமையலறை மேஜையைச் சுற்றி நான்கு பேர் ஜின் குடித்தபடி காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். வெயில் இறங்குகிறது, பாட்டில் காலியாகிறது, இருட்டு வருகிறது, யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. லிஷ் அங்கே நிறுத்திவிட்டார். கார்வர் எழுதியதில் அதற்கப்புறமும் சில பக்கங்கள் உண்டு. படித்துப் பார்த்தேன். நல்ல பக்கங்கள். ஆனால் இருட்டில் நான்கு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அந்த இடத்துக்கு மேல் அவை எதையும் கூட்டவில்லை. இங்கே லிஷ் ஜெயித்தார். இது சுருங்கச் சொல்லல்.

ஒரே கை, ஒரே பேனா, ஒரே புத்தகம். ஒரு கதை அழகாயிற்று, ஒரு கதை குன்றியது. ஆகவே 'வெட்டு, வெட்டு' என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கதையில் ரொட்டி எது?

வெளிநாட்டுக் கதை போதும். நம் ஊர்ச் சரக்கில் செய்து பார்க்கலாம். கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காக நானே தயாரித்தது. தபாலில் வருகிற கதைகளில் இதன் அண்ணன் தம்பிகள் நிறைய.

'ராகவன் கனத்த இதயத்துடன் கதவைத் திறந்தான். அப்பா இறந்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. அவர் இல்லாத வீடு வெறிச்சோடி, சூனியமாக, வெறுமையாக இருந்தது. அவனையும் அறியாமல் கண்களில் நீர் துளிர்த்தது. மூலையில் அவருடைய செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, அதில் சேஃப்டி பின் குத்தியிருந்தது. போன தீபாவளிக்கு ராகவன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு, பெட்டி பிரிக்கப்படாமல் பரணில் இருந்தது. அப்பாவின் எளிமையை எண்ணி அவன் நெஞ்சம் விம்மியது.'

இப்போது கஞ்சியை வடிப்போம்.

'அப்பா போய் பதினாறு நாள். ராகவன் கதவைத் திறந்தான். மூலையில் அவருடைய செருப்பு. இடது வார் அறுந்து, சேஃப்டி பின் குத்தியிருந்தது. போன தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு பரணில், பெட்டி பிரிக்காமல்.'

பாதிக்குப் பாதி போயிற்று. இழந்தது என்ன? கனத்த இதயம், சூனியம், வெறுமை, துளிர்த்த நீர், விம்மிய நெஞ்சம். இதெல்லாம் ராகவனுக்குச் சொந்தமானவை அல்ல. எந்தக் கதையிலும், யார் செத்தாலும் வாடகைக்கு வருகிற சாமான்கள். இதைத்தான் 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது. சேஃப்டி பின் மட்டும்தான் இந்த அப்பாவுக்கே உரியது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கடைசி வரியை எடுத்ததும் கதை சுருங்கவில்லை, பெரிசாகிறது. 'அப்பாவின் எளிமை' என்று ஆசிரியர் தீர்ப்பு எழுதிவிட்டார். அது போனதும் வாசகருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. எளிமைதானா? மகன் பேரில் கோபமா? வருஷத்துக்கு ஒரு தடவை செருப்போடு வந்து நிற்கிற பிள்ளையின் செருப்பு எனக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ? ராகவனுக்கும் அது தெரியாது, இனிமேல் கேட்கவும் முடியாது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. விளக்கம் சொன்ன வரி அந்தக் கதவை மூடிக்கொண்டு நின்றது.

உற்சாகத்தில் இன்னும் வெட்டுவோமா?

'ராகவன் கதவைத் திறந்தான். மூலையில் செருப்பு.'

நவீனமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் செருப்பு? எந்த வீடு? சேஃப்டி பின்னும் பரணும் போய்விட்டால் அப்பா இரண்டாம் முறை செத்துப்போகிறார். இது குன்றல். இதில் உள்ள மௌனத்துக்கு ஆழம் கிடையாது, தகவல் இல்லாமைதான் உண்டு. வாசகர் யோசிப்பதற்கு நீங்கள் ஏதாவது கொடுத்தால்தான் அவர் யோசிப்பார்.

மற்ற குற்றங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உங்கள் கதையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

கூறியது கூறல். வசனத்தில் ஒருமுறை, அதை விளக்கி ஒருமுறை. '"போடா வெளியே!" என்று கோபமாகக் கத்தினான். அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.' 'போடா வெளியே' என்பதைக் கொஞ்சலாகச் சொல்லியிருந்தால்தான் விளக்கம் தேவை. 'என்றான்' என்ற சொல்லுக்கு வெட்கப்படாதீர்கள். பகர்ந்தான், இயம்பினான், கர்ஜித்தான் என்று மாற்றி மாற்றிப் போடுவது மேடை நாடகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் மிருதங்கம் அடிப்பது போல. 'என்றான்' கண்ணில் படாமல் வேலையை முடித்துவிட்டுப் போகும்.

மாறுகொளக் கூறல். இரண்டாம் பக்கத்தில் விதவையாக இருக்கும் அத்தைக்கு ஆறாம் பக்கத்தில் மாமாவிடமிருந்து போன் வரும். பேய்க்கதை என்றால் சரி. பெயர், வயது, கிழமை மூன்றையும் தனிக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இதன் அக்கா ஒன்று அழகுப் பட்டியலில் இருக்கிறது. உலகம் மலையாமை. அதாவது, உலக நடப்போடு முட்டிக்கொள்ளாமல் இருப்பது. அமாவாசைக்கு மறுநாள் பால்நிலவில் காதலர்கள் உலவக் கூடாது. வைதீகமான குடும்பம் என்று சொல்லிவிட்டு ஆடி மாசத்தில் முகூர்த்தம் வைக்கக் கூடாது. 'கதைதானே சார்' என்று சொல்லித் தப்ப முடியாது. வாசகர் எதை வேண்டுமானாலும் நம்பத் தயாராக இருக்கிறார், தனக்குத் தெரிந்த விஷயத்தில் நீங்கள் தப்பு செய்கிறவரைக்கும். அப்புறம் அம்மாவின் கண்ணீரையும் நம்ப மாட்டார்.

மற்றொன்று விரித்தல். பஸ்ஸில் போகிற ஹீரோ, பக்கத்து சீட் ஆசாமியின் மூக்குக்கண்ணாடியிலிருந்து உலகமயமாக்கலுக்குப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் வாசகர் இறங்கிவிடுவார். இதிலேயே ஒரு கிளை, தெரிந்ததைத் தெரிந்தவர்களே சொல்லிக்கொள்வது. 'நமக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாச்சு, நம்ம பொண்ணு கீதா ஆறாவது படிக்கிறா' என்று எந்த மனைவியும் கணவனிடம் சொல்ல மாட்டாள். அவனுக்கு ஞாபகமறதி நோய் இருந்தாலொழிய. வாசகருக்குச் சொல்ல வேண்டியதைப் பாத்திரத்தின் வாயில் திணிக்கிறீர்கள். கீதாவின் ஆறாம் வகுப்பு ஃபீஸ் ரசீது மேஜை மேல் கிடக்கட்டும். போதும்.

சென்று தேய்ந்து இறுதல். கம்பீரமாகப் புறப்பட்டு, போகப் போக மெலிந்து, கடைசியில் 'திடுக்கிட்டு விழித்தான். கண்டது கனவு' என்று முடிவது. முடிவு வராவிட்டால் ஆளைக் கொல்வது, லாரி ஏற்றுவது, ஊரைவிட்டு அனுப்புவது. முடிவுக்குப் படுகிற பாடு உங்களுக்கு மட்டும் இல்லை. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே 1958-ல் வந்த பேட்டி ஒன்றில் சொன்னார். மிகைப்படுத்துகிறார் என்றுதான் தோன்றும். 2012-ல் அந்த முடிவுகளைச் சேர்த்துப் புதிய பதிப்பு போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 47. நீங்கள் மூன்றாவது முறையிலேயே சலித்துக்கொள்கிறீர்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் கூடவே இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். நல்ல எடிட்டர் என்றால் லிஷ் மாதிரி பேனாவோடு பாய்கிறவர்தான் என்றில்லை. ஹார்ப்பர் லீ என்ற இளம் பெண் 1957-ல் லிப்பின்காட் பதிப்பகத்துக்கு ஒரு நாவல் கொடுத்தார். வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி, தான் தெய்வமாக நினைத்த அப்பாவின் இன்னொரு முகத்தைப் பார்க்கிற கதை. அங்கே இருந்த எடிட்டர் டே ஹோஹாஃப் என்ற அம்மாள் அதை வெட்டவில்லை. கேள்வி கேட்டார். அதில் அங்கங்கே வந்த சின்ன வயசு ஞாபகங்கள்தான் உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து லீ புதிதாக எழுதினார். பழைய பிரதியில் போகிறபோக்கில் வந்துபோன ஒரு நீதிமன்ற வழக்கு, புதிய நாவலின் முதுகெலும்பாயிற்று. பழையதில் குற்றவாளி விடுதலை, புதியதில் தண்டனை. 1960-ல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அதுதான். மறுவருஷம் புலிட்சர் பரிசு. பழைய பிரதியும் 2015-ல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்று அச்சாயிற்று. இரண்டையும் படித்தால் ஹோஹாஃப் அம்மாளுக்குக் கைகூப்பத் தோன்றும். உங்கள் நாவல் சில சமயம் உங்கள் நாவலுக்குள்ளேயே ஒரு பாராவில் ஒளிந்துகொண்டிருக்கும்.

தமிழில் இந்த வேலைக்கு மரியாதை குறைவு. எழுத்துப்பிழை திருத்துவதையே எடிட்டிங் என்று நினைக்கிறோம். 1974-ல் தொடங்கிய க்ரியா பதிப்பகமும் அதன் ராமகிருஷ்ணனும் இதற்கு விதிவிலக்கு. எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாக விவாதிப்பதற்குப் பெயர் பெற்றவர் அவர். 2020-ல் காலமானார். அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலான புதிய எழுத்தாளர்களுக்கு, அதுவும் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்கு, எடிட்டர் என்று யாருமே கிடையாது. ஆகவே லிஷ், ஹோஹாஃப் இரண்டு வேலையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குச் சில வழிகள்:

1. எழுதியதைப் பதினைந்து நாள் கண்ணில் படாமல் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது வேறு யாரோ எழுதின மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் இரக்கம் வராது.

2. சத்தமாகப் படியுங்கள். கூச்சமாக இருந்தால் செல்போனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அது படித்தும் ஒரு வரி நன்றாக இருந்தால், வரி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. படிக்கும்போது மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கினால் சொல் தப்பு.

3. முதல் பாராவைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையவில்லையா? முதல் பாரா நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டது. சூரியன் செங்கதிர்களை வீசுவதும் அலாரம் அடிப்பதும் அங்கேதான் இருக்கும். கடைசிப் பாராவுக்கும் இதே சோதனை. அங்கே நீதி இருக்கும்.

4. 'திடீரென்று', 'ஏனோ', 'ஒரு கணம்', 'இனம் புரியாத', 'அவனையும் அறியாமல்'. இந்த ஐந்தையும் கம்ப்யூட்டரில் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது, போனது தெரியாது.

5. வெட்டியதைக் குப்பையில் போடாதீர்கள். தனி ஃபைலில் வையுங்கள். தைரியமாக வெட்ட இதுதான் ஒரே வழி. ஒரு மாசம் கழித்து அதைத் திறந்து பாருங்கள். அழுகை வந்தால் திரும்பச் சேருங்கள். பெரும்பாலும் கொட்டாவிதான் வரும்.

6. ஒரே ஒரு ஆளிடம் படிக்கக் கொடுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'நல்லாருக்கு' என்பார். 'எந்த இடத்துல போனை எடுத்துப் பார்த்தே?' என்று கேளுங்கள். அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

7. இதெல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வாக்கியம் எழுதி ஒட்டிவையுங்கள். இந்தக் கதையை எதற்காக எழுதினேன்? கரு அல்ல, நீதி அல்ல. உங்களை உட்காரவைத்த அந்த ஒரு காட்சி, ஒரு பொருள், ஒரு பேச்சு. சேஃப்டி பின். நடு ராத்திரி சூடான ரொட்டி. பேனாவை எடுக்கும்போது அதை மட்டும் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்காகத்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டு வெட்டுங்கள். அப்படி எழுத எதுவும் தோன்றவில்லை என்றால், பிரச்னை எடிட்டிங்கில் இல்லை. கதை இன்னும் வரவில்லை.

கார்வரின் கடிதத்தில் என்னை உறுத்துவது ஒன்றுதான். லிஷ் கெட்டிக்காரர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வெட்டினதில் பல இடங்கள் சரி என்றும் தெரிந்திருந்தது. புத்தகம் புகழ் பெறும் என்பதும்கூட. இருந்தும் அது தன்னுடையது இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. ரொட்டி போய்விட்டதே! அதை அவர் இரண்டு வருஷம் கழித்து மீட்டார். எல்லோருக்கும் அந்தப் பிடிவாதமும் சந்தர்ப்பமும் வாய்ப்பதில்லை. பத்திரிகை ஆபீசில் பக்கத்துக்குள் அடக்குவதற்காகக் கடைசி இருபது வரியை வெட்டிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்கள், அந்த இருபதில் ரொட்டி இருந்ததா, கஞ்சி இருந்ததா என்று முதலில் தங்களையே கேட்டுக்கொள்ளலாம். ரொட்டி என்றால் சண்டை போடுங்கள். கஞ்சி என்றால் நன்றி சொல்லி ஒரு கார்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் நடுவிலிருந்து இரண்டு பாராவை எடுத்துவிட்டேன்.

எந்த இடம் என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் சரி.